உடம்பைச் சுற்றி ஒரு கோடு

திருகோணமலை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு போனில் நீ சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. "கதிர் சிகிச்சைக்கு முதல், நோயாளியின்ர ஸ்கேன் படத்தில உடம்பைச் சுற்றி வெளிக்கோடு போடுற வேலையைத்தான் தந்திருக்கினம் அப்பா, அதைக் கணினியே போட்டுவிடும்" என்றாய். விடிய எழும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தபோதும் அதே யோசனை. அதுதான் எழுதுகிறேன்.

கணினி டோஸை, அதாவது உடம்புக்குள் சேரும் கதிரின் அளவை, கணக்குப் பார்க்கத் தொடங்குவதே அந்தக் கோட்டில்தான், பிள்ளை. கோட்டுக்கு உள்ளே உடம்பு, வெளியே காற்று. தோலிலிருந்து கட்டி எவ்வளவு ஆழம் என்பதை அது வேறெங்கிருந்து எடுக்கும்? 6 மெகாவோல்ட் கதிரில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் உள்ளே டோஸ் ஏறக்குறைய 3, 4 வீதம் மாறிவிடும். எல்லாப் பிழையும் சேர்ந்தே 5 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று கதிர்வீச்சு அளவுகளுக்கான சர்வதேச ஆணைக்குழு 1976இலேயே சொல்லிவிட்டது. யோசித்துப் பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சிடி ஸ்கேன் இல்லை, கதிர் கொடுக்கக் கோபால்ட் மெஷின்தான். வெளிக்கோடு எடுக்க ஈயக் கம்பியை நோயாளியின் நெஞ்சோடு அழுத்தி வளைத்து, நடுவிலும் பக்கத்திலும் அடையாளம் வைத்து, நெளியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் வரைபுத்தாளில் வைத்துக் கீறுவோம். ஒருநாள் ஒரு அம்மாவுக்கு எடுத்த கம்பி தூக்கும்போது கொஞ்சம் விரிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. முதல்நாள் அவரைப் படுக்கவைத்தபோது, கதிர் மூலத்திலிருந்து தோல்வரை உள்ள தூரத்தைக் காட்டும் வெளிச்சம் 70 சென்ரிமீற்றர் காட்ட வேண்டிய இடத்தில் 71 காட்டியது. நான் கீறிய உடம்பு அவருடைய உடம்பைவிடப் பருமன். அந்தப் பருமனுக்குப் போட்ட கணக்கை அப்படியே விட்டிருந்தால் உள்ளே டோஸ் 4 வீதத்துக்கு மேல் கூடிப் போயிருக்கும். நிறுத்திவிட்டுத் திரும்பவும் கம்பியை எடுத்தேன். "என்ன தம்பி, பிழையோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா, என்ர பிழை" என்றேன். அவர் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது கணினி அடர்த்தியைப் பார்த்துக் கோடு போடுகிறது. ஆனால் அதற்குத் தோலும் தெரியாது, துணி மடிப்பும் தெரியாது. தலை அசையாமல் பிடிக்கிற முகமூடியையும் தோலில் ஒட்டிய அடையாளக் கம்பியையும் உடம்பென்று சேர்த்துக்கொள்ளும். பருமனான ஆளென்றால் தோள் படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கும். இல்லாத தோளுக்கு அது என்ன கணக்குப் போடும்? ஆள் படுக்கிற கட்டிலையும் மறந்துவிடாதே. கார்பன் கட்டில்தானே என்று விட்டால், பின்னாலிருந்து வரும் கதிரில் 2, 3 வீதத்தை அது பிடித்துக்கொள்ளும், முதுகுத் தோலிலும் டோஸைக் கூட்டிவிடும். தோலுக்கு மேல் போலஸ் என்கிற, தசைபோன்ற அடர்த்தியுள்ள தகட்டை வைத்தால் அது கணக்கில் சேர்ந்திருக்கிறதா, கீழே காற்று நிற்கிறதா என்றும் பார்.

இன்னொன்று. தொண்டைப் புற்றுநோய்க்காரர் சாப்பிட முடியாமல் சில கிழமையிலேயே மெலிந்துவிடுவார். முதல்நாள் இறுக்கமாக இருந்த முகமூடிக்குள் விரல் போகும். அன்றைக்கு உன் பழைய கோடு அவருடையது அல்ல. யாரும் சொல்லும்வரை காத்திராதே, நீயே போய்ச் சொல்லு.

அம்மா உனக்குக் கருவாடு காயவைத்திருக்கிறா, வருகிற கிழமை அனுப்புகிறோம். நாளைக்கு முதல் ஆளின் படத்தை ஒவ்வொரு வெட்டாக உருட்டிப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் கோட்டைத் திருத்தினாய் என்று இரவு எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா