பாதி மாதத்தை விழுங்கிய கூட்டுத்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத சிறு குழுக்கள், கடிதமும் கணக்கும் எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸுக்கு மாறலாம் என்று பலரும் சொல்கிறார்கள். நாங்கள் மாறி நாலு வருஷம் ஆகிறது. திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. ஆனால் மாறச் சொன்னவர்கள் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) 43 சிறு தேயிலை விவசாயிகளின் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கொட்டகையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசு, தினமும் யார் எத்தனை கிலோ இலை போட்டார் என்பதை பென் டிரைவில் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாகத் தந்துவிடும். அதை லிப்ரே ஆபிஸின் கணக்கு அட்டவணையான கால்க்கில் ஏற்றினால், ஒரு மேக்ரோ (அட்டவணைக்குள் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஆளுக்கொரு பட்டியலாகப் பிரிக்கும். தேயிலை வாரியம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை வந்ததும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வெளியிலிருந்து லிப்ரே ஆபிஸை ஓட்டும் சிறு நிரல், எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கும். இரண்டையும் எழுதிக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். அவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஸ்கிரிப்ட் மட்டும் என்னோடு இருக்கிறது.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மாதப் பட்டியல் கொடுத்த மறுநாள், ஒரு பெரியவர் தன் நோட்டோடு வந்து நின்றார். அவர் கணக்கில் 412 கிலோ, என் பட்டியலில் 198. நான் கணினி சொல்வதுதான் சரி என்று அவரிடம் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நடந்தது இதுதான். மாத நடுவில் தராசைப் பழுது பார்த்தவர் ஏதோ ஒரு அமைப்பை மாற்றியிருக்கிறார். அதுவரை 18.4 என்று வந்த எடை, அன்றிலிருந்து 18.4கேஜி என்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால்க்குக்கோ முதலாவது எண், இரண்டாவது வெறும் எழுத்து. சம் என்ற கூட்டல் சூத்திரம் எழுத்து இருக்கும் கட்டங்களைக் கண்டுகொள்ளாது, எச்சரிக்கவும் செய்யாது. அதனால் மாதத்தின் முதல் பாதி மட்டும் கூடிற்று. மொத்தம் பூஜ்யம் என்று காட்டியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்கும். பாதித் தொகை, மழை மாதத்தில் வரத்துக் குறைந்தது போலவே இருந்தது.

சாதாரணமாக எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். பார்த்தாலே பிடிபட்டிருக்கும். நான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன்!

அண்ணன் மகன் போனில் சொல்லிக் கொடுத்த பிறகு இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். கோப்பு ஏற்றியதும் கன்ட்ரோலையும் எஃப்8-ஐயும் சேர்த்து அழுத்துவேன். எண்கள் நீலமாகவும், சூத்திரங்கள் பச்சையாகவும், எழுத்துகள் கறுப்பாகவும் தெரியும். எடை வரிசையில் கறுப்பு ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிடுவேன். அப்புறம், பட்டியலின் மேலே ஒரு கட்டத்தில் கவுண்ட்ஏ தருவதிலிருந்து கவுண்ட் தருவதைக் கழித்துப் போட்டிருக்கிறேன். முன்னது நிரம்பிய கட்டங்களை எல்லாம் எண்ணும், பின்னது எண் உள்ளவற்றை மட்டும் எண்ணும். அங்கே பூஜ்யம் வராவிட்டால் மேக்ரோ ஓடாது.

உறுப்பினர் எண்ணில் இதற்கு நேர் எதிர். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் 007, 012 என்று எண் கொடுத்திருக்கிறோம். கோப்பை ஏற்றும்போது அந்த வரிசையை எழுத்து என்று குறிக்காவிட்டால் 007 வெறும் 7 ஆகிவிடும்.

பிடிஎஃப் கதை வேறு. ஒரு நாள் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது, ஒரு கோப்புகூட உருவாகவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. திரையில் நான் கால்க்கைத் திறந்து வைத்திருந்ததுதான் காரணம். திரையில்லாமல் பின்னணியில் ஓடும் லிப்ரே ஆபிஸும் நாம் திறந்து வைத்திருப்பதும் நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரே பயனர் கோப்புறையைப் பிடித்துக்கொண்டால் இப்படி ஆகும். ஸ்கிரிப்டுக்குத் தனிக் கோப்புறை கொடுத்ததும் சரியாயிற்று. ஆனால் கற்பூர மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போன ஒரு நாளுக்குப் பிறகு, 'வேறொரு கணினியில் நீங்களே இந்தக் கோப்பைத் திறந்திருக்கிறீர்கள்' என்று செய்தி வந்தது. என்னிடம் இருப்பதே ஒரு கணினி. ஒரு கோப்பைத் திறந்ததும், அது திறந்திருக்கிறது என்று குறிக்க லிப்ரே ஆபிஸ் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கும். பாதியில் நின்ற ஸ்கிரிப்ட் விட்டுப்போன பூட்டுதான் அது. வேறெங்கும் அந்தக் கோப்பு திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பூட்டை அழித்ததும் திறந்தது.

இலவசம் என்பதால் இப்படி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணையும் எழுத்தையும் குழப்பும் தொல்லை காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் உண்டு. 2010-இல் ஓப்பன் ஆபிஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸில், நாம் காணும் பிழையை யார் வேண்டுமானாலும் பக்ஸில்லா தளத்தில் பதியலாம். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, வேறு ஆள் செய்தாலும் வருகிறதா என்று எழுதவேண்டும். பதிவதற்கு முன் உதவி மெனுவிலிருந்து சேஃப் மோடில், அதாவது நம் சொந்த அமைப்புகள் இல்லாமல், திறந்து பார்ப்பது நல்லது. அங்கே பிழை வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் நம் பயனர் அமைப்பில்தான். இதையெல்லாம் நான் முட்டி மோதித்தான் கற்றேன்.

விவசாயக் குழுக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கணினிப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். தட்டச்சு, அச்செடுப்பதோடு பயிற்சியை முடிக்காமல், வேண்டுமென்றே கெடுத்த ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, தப்பு எங்கே என்று தேடவிடுங்கள். அரை நாள் போதும். உங்கள் நாளிதழின் கணினிப் பகுதியிலும் இதற்கு இடம் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அந்தப் பெரியவருக்கு மீதி 214 கிலோவுக்கான பணத்தை மறுவாரமே கொடுத்துவிட்டோம். மற்ற 42 பேர் கணக்கையும் திருத்தினோம். இப்போதெல்லாம் பட்டியல் அச்சடிக்கும் முன் அவருடைய நோட்டை நானே கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தேயிலைக் குழுக் கணக்கர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.