எண்ணோடு படத்தையும் கேளுங்கள்

சீன ஃபார்மகோப்பியா ஆணையத்தினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெய்ஜிங்குக்கு எதற்குத் தமிழில் மடல் என்று நினைப்பீர்கள். எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சீன மருந்துக் கடையில் தமிழர்களும்தான் மருந்து வாங்குகிறார்கள். அவர்களும் படிக்கட்டுமே.

போன வருடம் கிங்கோ இலைச் சாற்றுத் தூள் ஒரு பேட்ச் வந்தது. கூடவே வந்த சான்றிதழில் மொத்த ஃபிளவோனால் கிளைகோசைடு (இலையில் சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் மருந்துப் பொருள்கள்) 24.6 சதவீதம், பக்கத்தில் 'தேறியது' என்று சிவப்பு முத்திரை. 24க்குக் குறையக் கூடாது என்பது மருந்துகளின் தரத்தை வகுக்கும் உங்கள் ஃபார்மகோப்பியா நூலின் விதி. அதில் சொன்னபடியே மெத்தனாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, எச்.பி.எல்.சி.யில் ஏற்றினேன். கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு முகடாக, அதாவது பீக்காக, வரையும் கருவி அது. மூன்று பொருள்களின் பீக்குகளையும் கூட்டி, நூல் சொல்லும் 2.51ஆல் பெருக்கினால் எனக்கும் 24க்கு மேல்தான் வந்தது. ஆனால் திரையில் அந்த மூன்றில் ஒன்றான குவெர்செட்டின் பனைமரம் மாதிரி நிற்கிறது, பக்கத்தில் இன்னொன்றான கேம்ப்ஃபெரால் அதன் முழங்கால் உயரம்கூட இல்லை. நல்ல கிங்கோவில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஹுவாய் மர மொட்டிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ரூட்டின் என்ற பொருளைக் கலந்துவிட்டால் போதும். நாம் அமிலத்தில் கொதிக்கவைக்கும்போது அதிலிருக்கும் சர்க்கரை கழன்று குவெர்செட்டின் ஆகிவிடும். ஏமாற்றுபவனின் கடைசி வேலையை நம் சோதனையே முடித்துக் கொடுக்கிறது!

2015இல் உங்கள் நாட்டிலேயே கிங்கோ மருந்துகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பப் பெறப்பட்டன. குவெர்செட்டினுக்கும் கேம்ப்ஃபெராலுக்கும் உள்ள விகிதம் 0.8 முதல் 1.2க்குள் இருக்கவேண்டும் என்ற விதியும் உங்கள் நூலில் இருக்கிறது. அருமையான விதி. ஆனால் எனக்கு வந்த சான்றிதழில் அந்த வரியே இல்லை. கேட்டதற்கு, "சதவீதம் சரியாக இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்றார் விற்றவர்.

அந்த 'இன்னும் என்ன' என்பதற்குப் பதில்தான் இந்த மடல். ஒவ்வொரு பேட்ச் சான்றிதழோடும் அதன் குரோமட்டோகிராமும் (கருவி வரையும் பீக்குகளின் படம்), டி.எல்.சி. தட்டின் (பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தட்டு) புகைப்படமும், ஒப்பீட்டு மூலிகையின் படத்தை அருகில் வைத்து இணைக்கப்பட வேண்டும் என்று உங்கள் பொது விதிகளில் ஒரு வரி சேருங்கள். தனிச் செலவு ஏதுமில்லை, படம் ஏற்கெனவே கருவியில் கிடக்கிறது.

கிங்கோ மட்டுமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வெண் பியோனி வேரைக் கந்தகப் புகையில் காட்டினால் பளிச்சென்று வெளுக்கும், விலையும் ஏறும். உள்ளே அதன் மருந்துப் பொருளான பியோனிஃப்ளோரினில் ஒரு பங்கு சல்ஃபோனேட்டாக மாறியிருக்கும். பியோனிஃப்ளோரின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது, படத்தைப் பார்ப்பவருக்குப் புதிதாக ஒரு பீக் தெரியும். பிரஸ்ஸல்ஸில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். உடல் மெலிய ஃபாங் ஜி என்ற சீன மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டவர்களுக்குப் போனது குவாங் ஃபாங் ஜி என்ற வேறு செடி. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சுமார் நூறு பேரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பெயரில் ஒரு அசைதான் வித்தியாசம். டி.எல்.சி. தட்டில் ஏற்றியிருந்தால் உண்மையான ஃபாங் ஜியில் இருக்கும் டெட்ராண்ட்ரினின் புள்ளி காணாமல் போயிருக்கும், அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

மூலிகை என்றால் மண்ணுக்கு மண், பறிக்கும் மாதத்துக்கு மாதம் படம் மாறும், வியாபாரிகள் நல்ல சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். நியாயம்தான். எனக்கும் ஒருமுறை நல்ல சரக்கைச் சந்தேகித்து இரண்டு நாள் வீணானது. ஆனாலும் அந்த இரண்டு நாள் வாதம் படத்தை நடுவில் வைத்து நடந்தது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட எதுவுமே இல்லை.

அந்தக் கிங்கோ பேட்ச் திரும்பிப் போய்விட்டது. அதே 24.6 முத்திரையோடு வேறு யாரிடமாவது போயிருக்கலாம். அதன் குரோமட்டோகிராமையும் நல்ல கிங்கோவினுடையதையும் ஒரே தாளில் அச்சடித்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூர் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர்