சேகரப் படைவீரர் குடும்ப உதவிச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய நம் சேகரத்துச் சபைப் போதகர் ஐயரவர்களே, தலைவரவர்களே, பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, மனைவிமாரே, அனைவருக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

யுத்தத்துக்குப் போனவர்களுக்கும் ரஸ்துக்களண்டையில் (மூட்டை முடிச்சுகளைக் காத்துக்கொண்டு) இருந்தவர்களுக்கும் சரிபங்கு என்று தாவீது ஏற்படுத்திய முறைமையே (1 சாமுவேல் 30:24) நம் சங்கத்தின் அஸ்திபாரம். வீட்டைக் காக்கிறவர்களும் அந்தப் பங்குக்கு உரியவர்கள்.

இவ்வாண்டு அதிக வேலை வாங்கியது திருமணப் பதிவுதான். ஆலய ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நம் வீடுகளில் இருந்துவிடுகிறார்கள். திருமணச் சான்றிதழையும் தம்பதியர் புகைப்படத்தையும் வீரர் தம் யூனிட்டில் கொடுத்து, குடும்ப விவரத்தைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு வெளியாகி, அது வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் ஏற வேண்டும். ஏறாதவரை மனைவிக்கு அடையாள அட்டை கிடைப்பதில் சிக்கல்; ஏதாவது நேர்ந்துவிட்டால் குடும்ப ஓய்வூதியமும் இழுத்தடிக்கும். பிள்ளை பிறந்தாலும் இதே நடைமுறை. பெரும்பாலும் இடறுவது பெயரில். ஞானஸ்நானச் சான்றில் 'மேரி புஷ்பம்', ஆதாரில் 'புஷ்பமேரி', பள்ளிச் சான்றிதழில் 'எம். புஷ்பம்' என்றிருந்தால் மூன்றும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். அதனால் ஓலை வாசிக்கும் (ஆலயத்தில் திருமண அறிவிப்பு செய்யும்) முன்பே ஆதாரை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள எழுத்துப்படியே ரிஜிஸ்டரில் எழுத ஐயரவர்கள் சம்மதித்தார்கள். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது.

அடுத்தது நாமினி. கலியாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் பல காகிதங்களில் அம்மா பெயர் மட்டுமே நிற்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் இருக்கும்போது இதை எடுத்துப் பேசுவது லேசான காரியமல்ல. ஒருவருக்கு மேற்பட்டோர் பெயரைப் போட்டுப் பங்கு பிரித்து எழுதலாம் என்று சொன்னால் பேச்சு இளகுகிறது. மகன் லீவில் வரும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

நில வழக்கில் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டத்தின்கீழ், வீரர் சிறப்புச் சூழ்நிலையில் பணியாற்றுகிறார் என்ற சான்று இருந்தால் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். சம்மன் வந்ததும் யூனிட்டுக்குத் தெரிவியுங்கள். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பான பிறகு ஓடினால் அலைச்சல் இரட்டிப்பு.

கிறிஸ்துமஸ் பார்சல் பற்றி. ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், 56 அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்), 9இல் தொடங்கும் பின்கோடு, முகவரி அவ்வளவுதான். ஊர்ப் பெயரைச் சேர்க்கக் கூடாது. பனியில் பாதை அடைபடும், யூனிட்டும் இடம் மாறும். ஆகவே நவம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட வேண்டும். முந்திரிக்கொத்துக்குத் தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்காவிட்டால் வழியிலேயே பூசணம் பிடிக்கும். முறுக்கு நன்றாக ஆறுமுன் கட்டினால் நமத்துப்போகும். பழைய எண்ணெயில் சுட்டது சிக்கு வாடை அடிக்கும். ஊறுகாய், தலைக்கு எண்ணெய், பவர் பேங்க் வேண்டாம். பெட்டி 2 கிலோவுக்குள் இருக்கட்டும். கம்பளிக் காலுறைக்கு இடம் விடுங்கள்.

ஞாயிறு ஜெபத்தில் வீரரின் பெயர் மட்டும் வாசிக்கப்படும். யூனிட், இடம், லீவு தேதி கிடையாது. வாட்ஸப் ஜெபக் குழுவுக்கும் இதே விதி. இதை மீறிய பதிவுகளை நீக்கச் சொன்னபோது சிலர் வருத்தப்பட்டார்கள், விதியில் மாற்றமில்லை. எல்லையில் பதற்றம் என்று டிவியில் ஓடும் நாட்களில் 'ஃபோன் வந்ததா?' என்று ஆளாளுக்குக் கேட்டு மனைவிமாரைக் கலங்கடிக்க வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் மௌனம் சகஜம். கேஸ் சிலிண்டர் இருக்கிறதா, மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சங்கீதம் 121ஐ அவர்களோடு உட்கார்ந்து வாசித்தால் போதும், பிரசங்கம் தேவையில்லை.

டிசம்பர் 7 கொடிநாள் வசூல் வழக்கம்போல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகச் செலுத்தப்பட்டது.

வரும் ஆண்டு அலுவலகங்களுக்குத் துணைபோக, பகலில் நேரமுள்ள சகோதரிகள் இருவராவது தேவை. விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்