செலோடேப் ஒட்டிய பக்கம்

திருநெல்வேலி

அன்பு மகள் ஜெபாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள்.

போன ஞாயிறு போனில், "ஒரு பழைய ரிஜிஸ்தருக்காக கமிட்டியில் எதுக்குப்பா சண்டை போடுறீங்க?" என்று கேட்டாய். பக்கத்தில் அம்மா இருந்ததால் மழுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் கோபம்தான் முன்னால் வரும். அதனால் எழுதுகிறேன்.

கோவில் பீரோவில் இருக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தாள் தாளாகப் பிரித்து லேமினேட் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பையன்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். நான் ஒருவன் மட்டும் கூடாது என்றேன். காரணம் கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது.

கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கு வெளியே ஒரு பொன்னிறக் கடிகாரம் காட்டினாயே, மேலே வெட்டுக்கிளி மாதிரி ஒன்று உட்கார்ந்து நிமிஷங்களைத் தின்னுமே, அது ஞாபகம் இருக்கிறதா? நாம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டோம். அந்தக் கல்லூரிக்குள்ளேதான் பழைய கையெழுத்துச் சுவடிகள் வைத்திருக்கும் பார்க்கர் நூலகம் இருக்கிறது. நீ அனுப்பிய லிங்க் வழியாக இப்போது ராத்திரியெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறேன். 2018 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாமாம். அந்தக் காலத்தில் தோலில்தான் எழுதினார்கள், 1400 வருஷத்துக்கு முந்தைய தோலில் உள்ள சுருக்கம் வரை தெரிகிறது.

முதலில் அகஸ்டின் சுவிசேஷப் புத்தகத்தைப் பார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதியது. 597-இல் இங்கிலாந்துக்கு வந்த மிஷனெரி அகஸ்டினோடு வந்திருக்கும் என்பது மரபு. அதில் ஒரே பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, பாடுகளின் வாரத்தை வரைந்திருக்கிறார்கள். நம் ஓய்வுநாள் பள்ளிச் சுவர்ப் படம் போலவே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சிரேனே ஊரான் சீமோன் சிலுவையைச் சுமக்கிறான். அதோடு நின்றுவிடுகிறது, சிலுவையில் அறைவது இல்லை. அந்தப் பக்கத்தை விட்டு எனக்குக் கண் நகரவில்லை. இங்கிலாந்துச் சபைக்கு மூத்தவரான காண்டர்பரி பேராயர் புதிதாகப் பதவியேற்கும்போது இந்தப் புத்தகத்தைத்தான் கொண்டுபோகிறார்கள்.

இது தப்பியது பெரிய காரியம். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் நடுவில் ஏறக்குறைய 800 துறவி மடங்களை மூடினான். நிலம் விலைபோனது, கூரை ஈயம் விலைபோனது. புத்தகத்தை யார் கேட்பார்கள்? அந்தப் புத்தகங்களுக்கு நேர்ந்த கதியை ஜான் பேல் என்பவர் 1549-இல் எழுதி வைத்திருக்கிறார். வாங்கினவர்கள் தாளைக் கிழித்து மெழுகுவத்தித் தண்டைத் துலக்கினார்கள், பூட்ஸ் துடைத்தார்கள், மளிகைக்காரனுக்கும் சோப்பு விற்கிறவனுக்கும் கொடுத்தார்கள், மிச்சத்தைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டு பைண்டர்களுக்கு அனுப்பினார்கள் என்கிறார். ஒரு வியாபாரி 40 ஷில்லிங்குக்கு இரண்டு நூலகங்களை அப்படியே வாங்கி, பத்து வருஷத்துக்கும் மேல் பொட்டலம் கட்டினானாம், இன்னும் தீரவில்லையாம். இதில் வேடிக்கை, பேல் மடங்களுக்கு ஆகாதவர். அவரே முன்னாள் துறவிதான். மடங்கள் ஒழிந்ததில் அவருக்குச் சந்தோஷம், புத்தகங்கள் ஒழிந்ததில் வயிற்றெரிச்சல். 1550-இல் பழைய வழிபாட்டுப் புத்தகங்களை அழிக்கச் சொல்லிச் சட்டமே வந்தது.

அப்புறம்தான் மத்தேயு பார்க்கர் வருகிறார். 1559-இல் எலிசபெத் ராணி காலத்தில் காண்டர்பரி பேராயர் ஆனவர். 1568-இல் ராணியின் ஆலோசனை சபை ஒரு கடிதம் கொடுத்தது: தனியார் கையில் இருக்கும் பழைய சுவடிகளைப் பார்க்கவேண்டும் என்று பேராயரின் ஆட்கள் கேட்டால் கொடுக்கவேண்டும். அப்படிச் சேர்த்ததில் 400-க்கும் மேற்பட்ட சுவடிகளைத் தான் படித்த கல்லூரிக்கே கொடுத்தார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொலைத்தால் மொத்தமும் கீஸ் கல்லூரிக்குப் போய்விடும். அவர்களும் தொலைத்தால் டிரினிட்டி ஹாலுக்கு. வருஷா வருஷம் அந்த இரண்டு கல்லூரிக்காரர்களும் வந்து எண்ணிப் பார்க்கவேண்டும். பங்காளியைக் காவல் வைப்பது என்றால் இதுதான். நம் கமிட்டியில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் பாதிப் பதிவேடு இன்றைக்கும் இருக்கும்.

அவருக்கு இதில் சொந்தக் காரியமும் இருந்தது, மறைக்கவேண்டாம். ரோமை விட்டு விலகிய சபை புதிதாக முளைத்தது இல்லை, பழைய ஆங்கிலச் சபையே இப்படித்தான் இருந்தது என்று காட்ட அவருக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு ஈஸ்டர் பிரசங்கத்தை, அந்த எழுத்துகளுக்கென்றே அச்சு வார்த்துப் பதிப்பித்தார்கள். தேவைப்பட்டதைத் தேடினார், கிடைத்தது தப்பியது. நம் வழிபாட்டு முறையும் அந்தச் சபை வழியாக வந்ததுதானே, அதனால் எனக்கு அவரிடம் கொஞ்சம் சலுகை உண்டு.

ஆனால் ஜெபா, அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார். ஓரமெல்லாம் சிவப்புச் சுண்ணக்கட்டிக் கோடு, பக்க எண். பார்க்கர் வீட்டு வேலை அது. அதோடு விட்டாரா? ஒரு சுவடியில் தாள் குறைந்தால் பழைய எழுத்து மாதிரியே எழுதிச் சேர்க்கச் சொன்னார். ஒரு புத்தகத்துப் படத்தை எடுத்து இன்னொன்றில் முகப்பாக வைத்தார். வேண்டாத வரிகளைச் சுரண்டினார். 1566-இல் மந்திரி செசிலுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. செசில் அனுப்பிய பழைய வேதாகமச் சங்கீதப் புத்தகத்தில் முதல் சங்கீதம் இல்லை. நடுவில் தாவீது சுரமண்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் படத்தாளை முன்னுக்குக் கொண்டுவந்து, அதன் பின்பக்கத்தில் லைலி என்ற தன் எழுத்தரை விட்டு முதல் சங்கீதத்தைப் பழைய பாணியில் எழுத நினைத்தேன், ஆனால் உங்களிடமே கைகாரன் இருக்கிறான் என்று விட்டுவிட்டேன் என்கிறார். ஆசையாக எழுதுகிறார்! தப்பு என்ற நினைப்பே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்டன் என்பவர் சேர்த்த சுவடிகள் 1731-இல் லண்டனில் தீப்பிடித்தன. ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துதான் பலவற்றைக் காப்பாற்றினார்கள். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் ஒரே பிரதி ஓரம் கருகித் தப்பியது. கருகிய தோல் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கியதால், 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு தாளையும் காகிதச் சட்டத்துக்குள் ஒட்டினார்கள். உதிர்வது நின்றது. சட்டத்தின் விளிம்பு சில எழுத்துகளை மூடிவிட்டது. அதற்கு முன்பே தார்க்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் வந்து பார்த்து எழுதி வைத்த நகல் இல்லையென்றால் பல எழுத்துகள் போனது போனதுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1986 மழையில் கோவில் அலுவலக அறை ஒழுகியது. நான் அப்போது பொருளாளர். பதிவேட்டில் ஏழெட்டுத் தாள் கிழிந்துபோனது. கடைக்குப் போய் ஒரு சுருள் செலோடேப் வாங்கி, ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து நானே ஒட்டினேன். குருவானவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பெருமையாக இருந்தது.

இப்போது அந்த டேப் கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கிறது. பல இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி தானாகவே கழன்று, கூடவே மசியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. போன வருஷம் பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் பாட்டனார் பெயரைத் தேடி வந்தது. பக்கம் கிடைத்தது. பிள்ளையின் பெயர் இருக்கிறது, தாயின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர் இருந்த இடத்தில் பழுப்புப் பசை. அந்தப் பெரியவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். மழையால் போனது என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் ஒட்டுவதைப் பிறகு யாராலும் பிரிக்கமுடியாது. வேறெதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, ஒட்டினது நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

இப்போதைக்குச் சாயங்கால வெளிச்சத்தில் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கிறேன். 41 பக்கம் முடிந்தது. பழைய டேப் பசையை எடுக்க வழி உண்டா என்று அங்கே சுவடி செப்பனிடுகிறவர்கள் யாரையாவது கேட்டுச் சொல். கிழிசலுக்கு ஜப்பான் மெல்லிய தாளும் மாவுப் பசையும்தான் வைப்பார்களாம், தண்ணீர் காட்டினால் திரும்ப எடுத்துவிடலாமாம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தத் தாள் பத்து வாங்கி வா, மடக்காமல் சுருட்டிக் கொண்டுவா.

முறுக்கும் முந்திரிக்கொத்தும் பார்சலில் வருகிறது. டப்பாவுக்கு அம்மா சுற்றிச் சுற்றி செலோடேப் ஒட்டியிருக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை. கத்தி வைத்துப் பிரிக்கும்போது கை பத்திரம்.

அன்புடன்,
அப்பா