பூச்சட்டித் தட்டு

அன்புள்ள பாப்பா,

நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். ஏன் என்று கேட்காதே. போன மாதம் அனுப்பிய ஜாதிக்காய்ப் பார்சல் இரண்டு வாரம் ஊரைச் சுற்றிவிட்டு நம் வாசலுக்கே திரும்பி வந்தது. மேலே யாரோ பேனாவால் ‘பிண்டா’, வீடு மாறிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். வீடு தெரியாமல் எழுதியிருப்பார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கோப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நான் எழுத வந்தது டிங்கிக் காய்ச்சலைப் பற்றி. உங்கள் பக்கம் அதிகம் என்று செய்தியில் சொல்கிறார்கள். பூச்சட்டிக்கு அடியில் தட்டு வைத்திருப்பாயே, அதில் தண்ணீர் நிற்க விடாதே. ஒரு வாரம் நின்றால் போதும், கொசு பறந்துவிடும். வெறுமனே கொட்டினாலும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

இதெல்லாம் ரிசோர்ட்டில் கற்றதுதான். அங்கே காலை 7 மணிக்கு என் முதல் வேலையே தேங்கின தண்ணீரைத் தேடுவது. விருந்தாளிகள் நல்ல காற்றுக்காக வந்திருக்கும்போது புகை அடிக்க முடியுமா? அதனால் எல்லாம் கையால்தான். அல்லிப் பானைகளில் கப்பி மீன் விட்டிருக்கிறோம், அது புழுவைத் தின்றுவிடும். அன்னாசிச் செடி மாதிரி இருக்குமே, புரோமிலியாட், அதுதான் மோசம். ஒவ்வொரு செடியின் நடுக்குருத்திலும் ஒரு கிண்ணம் தண்ணீர் நிற்கும். ஹோஸை வைத்து ஒவ்வொன்றாக அடித்துக் கழுவுகிறேன். செராய் வாங்கி என்கிற வாசனைப் புல்லை வேலியோரம் நட்டிருக்கிறார்கள், கொசு வராதாம். வாசனை நன்றாக இருக்கிறது, கொசுவும் நன்றாகவே வருகிறது.

அப்புறம் கல் பாதை. கூழாங்கல் பதித்து, அதில் வெறுங்காலோடு முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கிறார்கள். பாசி பிடித்து வழுக்காமல் அதை பிரஷ் போட்டுத் தேய்ப்பது நான். ரப்பர் தோட்டத்தில் செருப்பில்லாமல் நிரைக்கு நிரை ஓடினோமே, அது வைத்தியம் என்று அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் பாட்டியிடம் ‘தோட்டத்தில் வேலை’ என்று நான் சொன்னால், ‘விடிவதற்குள் எத்தனை மரத்தில் பால் வெட்டுவே?’ என்றுதான் கேட்டிருப்பாள். இங்கே கத்தியையே தொடுவதில்லை, புங்கா கந்தான் என்கிற இஞ்சிப் பூவை வெட்டுவதற்குத் தவிர. அதையும் மொட்டாகவே வெட்டி லக்சா சமைக்கத் தரமாட்டார்கள். விரிய விட்டுப் படம் பிடிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். வந்ததும் கைப்பேசியைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மூன்று நாள் யாரும் யாரோடும் பேசக் கூடாது. அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிக வெள்ளி. பேசாமல் இருக்க ஜனங்கள் காசு கட்டுகிறார்கள் பாப்பா, நீ இலவசமாகவே இருக்கிறாய். நான் நாலு வரி அனுப்பினால் ஒரு கட்டை விரல் வருகிறது. சரி, உனக்கு வேலை அதிகம். நம் லயத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நீ, பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறாய். கோயிலில் கேட்பவர்களிடம் இன்றும் அதைத்தான் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும்.

நேரத்துக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும் போடு, வேறு வலி மாத்திரை வேண்டாம், டிங்கியாக இருந்தால் ஆபத்து. உடனே கிளினிக்கில் ரத்தம் பார். யாராவது கூடப் போக வேண்டும். கூட யார் இருக்கிறார்கள்?

நீராவி அறைக்குப் பக்கத்தில் ஒரு ஜாதிக்காய் மரம், காய்ப்பதே இல்லை. வெட்டச் சொன்னார்கள். அது ஆண் மரம், அது இல்லாவிட்டால் மற்ற மரங்களும் காய்க்காது என்று சொல்லி நிறுத்தினேன். ஜாதிக்காயில் ஆண் எது, பெண் எது என்று நட்டு ஆறேழு வருஷம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். பொறுமை வேண்டும் என்று உன் கல்யாணத்தன்று இதையேதான் உன்னிடம் சொன்னேன். மரத்துக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் கெனாங்கா மரத்தடியில் உன் வயதில் ஒரு பெண். மூன்று நாளும் அதே பெஞ்சு. கடைசி நாள் காலை, பூ வாசனை தூக்கலாக இருக்கும் நேரம், சத்தமே இல்லாமல் அழுதாள். விருந்தாளிகளிடம் நாங்கள் பேசக் கூடாது. அவள் காலடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் களை பிடுங்கினேன். அங்கே களையே இல்லை.

பாப்பா, நீ ராத்திரி 11 மணிக்கு போன் செய்தாயே. ‘கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமாம்மா?’ என்றாய். எனக்குப் புரியாமல் இல்லை. நீ ‘அம்மா’ என்று ஆரம்பித்தபோதே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, ‘தைப்பூசம் வருதே, ரெண்டு பேருமா வாங்க’ என்றேன். நீ ‘சரிம்மா’ என்று வைத்துவிட்டாய். ரெண்டு பேருமாகத்தான் வந்தீர்கள். தண்ணீர்மலைப் படி முழுக்க நீ சிரித்துக்கொண்டே ஏறினாய். உன் அத்தைக்கு முன்னால் நான் தலைநிமிர்ந்து நின்றேன். அந்த நிமிஷத்துக்காகத்தான் உன்னைத் திருப்பி அனுப்பினேன். வேறு காரணம் யோசித்துப் பார்த்தேன், இல்லை.

ஹாலில் மாட்டியிருந்த அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். அப்பா ஆணியை மட்டும் பார்த்தார். அந்த ஆணியில் பினாங்குப் பூந்தோட்டத்து நாகலிங்க மரத்தடியில் நீ நிற்கும் பழைய படத்தை மாட்டியிருக்கிறேன், குரங்கு உன் வாழைப்பழத்தைப் பிடுங்கிய அன்று எடுத்தது. கருங்கல் உடைத்த பள்ளத்தை 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பூந்தோட்டமாக்கினார் என்று ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதினாயே, எனக்கு இன்னும் மனப்பாடம்.

உன் அறையிலிருந்த தையல் மிஷினை வெளியே எடுத்துவிட்டேன். மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டேன். படகு ஜெட்டியிலிருந்து 101 பஸ் பழையபடி ஓடுகிறது, எனக்கு 4 மணிக்கு வேலை முடியும். பார்சலை மறுபடி அனுப்ப வேண்டும், முகவரி மட்டும் அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: முதல் வரியில் ‘மாப்பிள்ளையும்’ என்று எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியது, அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ அதைப் படிக்காதே. தட்டைத் தேய்த்துக் கழுவு.