தண்டையார்பேட்டை ஏ.பி.ஆர்.எஸ். நிலையம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் நம் டிஜிபீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. அமெச்சூர் ரேடியோவில் இடத்தையும் குறுஞ்செய்தியையும் சின்னச் சின்னப் பாக்கெட்டாக அனுப்பும் முறைதான் ஏ.பி.ஆர்.எஸ்.; அந்தப் பாக்கெட்டை வாங்கி மறுபடி ஒலிபரப்புவது டிஜிபீட்டர். கம்பம், ஸ்டே கம்பி, எர்த் குழி, பேட்டரி, டைர்வுல்ஃப் என்ற பாக்கெட் மென்பொருள் ஏற்றிய ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினி எல்லாம் சொன்ன நாளில் முடிந்தன. ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்தான் படுத்திவிட்டது.

"ஒரே கேபிளுக்கு ரெண்டு தடவை பணமா?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேசி முடித்தது ஆர்.ஜி.213 என்ற தடித்த ரகம், 30 மீட்டர். ஒப்பந்தக்காரர் இழுத்துவிட்டுப் போனது ஆர்.ஜி.58 என்ற மெல்லிய ரகம். அன்று கமிட்டியில் ஒருவர்கூட மாடியில் இல்லை, அது எங்கள் தவறு. மணலிப் பக்கம் போன நம் வண்டியின் பாக்கெட் பாதிக்குமேல் வரவில்லையே என்று ஏறிப் பார்த்தால், சுண்டுவிரல் கனத்துக்கு இருக்க வேண்டிய கேபிள் பென்சிலைவிட மெல்லிசு. கனெக்டரைக் கழற்றினேன், உள்ளே பச்சைக் களிம்பு. கடல்காற்று அடிக்கிற இடத்தில் டேப்கூடச் சுற்றவில்லை.

"ரெண்டுமே அம்பது ஓம்தான சார்" என்றார் ஒப்பந்தக்காரர். ஓம் அளவு சரி, வழியில் ஆகும் இழப்பு? 145 மெகாஹெர்ட்ஸில் 25 வாட் விட்டால் அந்தக் கேபிளில் மேலே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஆறேழு வாட். 213-இல் பாதியாவது சேரும். மூன்று வாரம் பேசிப் பார்த்தோம், மாற்றித் தரவும் இல்லை, கூலியில் கழிக்க விடவும் இல்லை. மழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்று புதுக் கேபிள் வாங்கச் சொன்னது நான்தான். இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அப்புறம், மொபைலில் லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று ஒரு கேள்வி. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சிக்னல் இல்லாமல் உட்கார்ந்திருந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்டர்நெட் போனால் ஐகேட் (பாக்கெட்டை இன்டர்நெட்டில் ஏற்றும் நிலையம்) நிற்கும், டிஜிபீட்டர் நிற்காது. இடமும் குறுஞ்செய்தியும் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏ.பி.ஆர்.எஸ்.ஸை உருவாக்கிய பாப் புரூனிங்காவே இது வெறும் வண்டி தேடும் வேலை இல்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும், பத்து நொடிக்கு ஒருமுறை பீக்கன் (தானாகப் போகும் இட அறிவிப்பு) விடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை, அதுவும் 1200 பாட் என்ற மெதுவான வேகம். நிற்கிற வண்டிக்கு அரை மணிக்கு ஒன்று போதும்.

வாடகை வேண்டாம் என்று மாடி கொடுத்த அம்மா, பேட்டரி தந்த ராயபுரம் மெக்கானிக் அண்ணன், ஜிஐ பைப் தந்த வியாசர்பாடி பட்டறைக்காரர், புதுக் கேபிளில் பாதிப் பணம் போட்ட திருவொற்றியூர் உறுப்பினர், வெயிலில் கம்பம் பிடித்த கொடுங்கையூர் தம்பிகள் நான்கு பேர், தினமும் டீ அனுப்பிய எதிர்க்கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது, ஞாயிறு காலை வந்து பார்க்கலாம். பழைய கேபிளில் ஒரு முழமும் அந்தக் கனெக்டரும் மேசைமேல் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பாருங்கள்.

73 (ரேடியோக்காரர்களின் வாழ்த்து).