அம்ஃபோவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

அன்பு மகனுக்கு,

"அதான் கல்யாணம் ஆயிடுச்சேம்மா, பதிவெல்லாம் வெறும் காகிதம்" என்று போனில் சொன்னாய். அன்றிலிருந்து அதே யோசனைதான் எனக்கு.

பிக்குகள் ஓதினார்கள், பெரியவர்கள் சங்கால் உங்கள் கைகளில் நீர் வார்த்தார்கள், பெண் வீட்டுக்கு சின்சோத் என்ற பரிசப் பணமும் முறையாகக் கொடுத்தாய். எங்களுக்கு அவள் மருமகள்தான். ஆனால் தாய்லாந்துச் சட்டத்துக்கு அவள் உன் மனைவி இல்லை. 1935-ல் குடும்பச் சட்டம் வந்ததிலிருந்து அங்கே அம்ஃபோவில், அதாவது வட்டார அரசு அலுவலகத்தில், பதிவு செய்தால்தான் திருமணம். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அது தானாகத் திருமணம் ஆகிவிடாது.

பாங்காக்கில் உன் பெயரில் இருக்கும் ஃபிளாட்டையே எடுத்துக்கொள். சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உயில் இல்லாமல் உனக்கு ஏதாவது ஆனால், பிள்ளை இல்லாத இன்றைய நிலையில் அது பெற்றவர்களான எங்களுக்கு வரும். அவள் வாரிசே இல்லை. தவணையில் பாதியை அவள்தானே கட்டுகிறாள்? அதையும் கோர்ட்டில் நிரூபித்துத்தான் தன் பங்கைக் கேட்க வேண்டும். பதிவு செய்திருந்தால் அவளும் வாரிசு, எங்களோடு பாதிக்குப் பாதி. பதிவுக்குப் பிறகு சம்பாதிப்பதும் யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொது.

பிள்ளை பெறப்போகிறோம் என்றாயே, என் பெரிய கவலை அதுதான். பதிவில்லாமல் பிறந்தால் சட்டப்படி அது தாயின் பிள்ளை மட்டும். பிறப்புச் சான்றிதழில் உன் பெயர் இருந்தாலும் தகப்பன் உரிமை வராது. பிறகு நீ போய் அதை உன் பிள்ளை என்று பதிய நினைத்தால் தாயோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். கைக்குழந்தை எப்படிச் சம்மதம் சொல்லும்? கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பிறகு நீங்கள் இருவரும் திருமணத்தைப் பதிந்தாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். அதை முன்னாலேயே செய்துவிடலாமே.

அங்கே ஒருபால் ஜோடிகள் இந்தக் காகிதத்துக்காக எத்தனை வருஷம் போராடினார்கள்! 2025 ஜனவரி 23-ல் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே வரிசையில் நின்று பதிந்துகொண்டார்கள். பல காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் அதில் உண்டு. அது இல்லாமல் என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியும்.

வேலையும் பெரிதில்லை. நீ திருமணமாகாதவன் என்று நம் தூதரகத்தில் சான்று வாங்கு. அதைத் தாய்லாந்து மொழிக்கு மாற்றி, அந்த நாட்டு வெளியுறவுத் துறையின் முத்திரையும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் அம்ஃபோவுக்குப் போங்கள்.

அப்புறம், ஃபிளாட் முன்பே வாங்கியது. பதிந்தாலும் அது உன் தனிச் சொத்தாகத்தான் நிற்கும். அதனால் அதே அம்ஃபோவில் உயிலும் எழுதிவிடு. அதில் எங்கள் பெயர் வேண்டாம், அப்பாவும் இதையேதான் சொன்னார். முழுசாக அவள் பெயருக்கே எழுது.

அன்புடன்,
அம்மா